பாதுகாப்பைத் தனியாகத் தாருங்கள்: இயங்குதள நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினியையும் கைபேசியையும் இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளங்களை உருவாக்கிப் பராமரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒப்பந்தங்களை நாங்கள் எவ்வளவு தூரம் படிக்கிறோமோ அவ்வளவு தூரம்தான் நீங்களும் எங்கள் மடல்களைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களைத் தனியாகத் தாருங்கள். தரவு சேகரிக்கும் வசதிகளை அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சேகரிக்க வேண்டுமென்றால் தனியே கேளுங்கள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னால், அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் அது வேண்டாம் என்றே இருக்கட்டும்.

என்னை எழுத வைத்தது அண்மையில் என் மடிக்கணினிக்கு வந்த ஒரு பெரிய புதுப்பிப்பு. அது எந்த நிறுவனத்துடையது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள், இது நமக்கு வந்த கடிதம் அல்ல என்று நிம்மதியாக மூடிவைத்துவிடுவீர்கள்.

நான் ஒரு மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்கள் வாழ்க்கைத் துணையிடம்கூடச் சொல்லாததைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் குறிப்பு எழுதியாக வேண்டும். அது தொழிலின் கடமை. நினைவை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. பலர் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள்: “இதையெல்லாம் எங்கே எழுதி வைப்பீர்கள்? வேறு யாராவது பார்ப்பார்களா?” என் கணினியில் மட்டும்தான், வேறு எங்கும் போகாது என்பேன். அதைக் கேட்ட பிறகே சிலர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

புதுப்பிப்பு முடிந்ததும் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்தது. கணினியை இன்னும் நன்றாக அமைத்துக்கொள்ளலாமாம். இரண்டே பொத்தான்கள்: ஒன்று தொடர்வதற்கு, மற்றது பிறகு நினைவூட்டச் சொல்வதற்கு. மறுப்பதற்கு இடமே இல்லை. பிறகு என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மாலையில் ஆவணக் கோப்புறையைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் அருகிலும் ஒரு பச்சைக் குறி. கோப்புறை மொத்தமும் நிறுவனத்தின் மேகக் கிடங்கோடு, அதாவது இணையம் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் அதன் சர்வர்களோடு, இணைக்கப்பட்டிருந்தது. பிரதி ஏறி முடிந்ததற்குத்தான் அந்தப் பச்சை அடையாளம். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். நான் அணைத்து வைத்திருந்த, கணினியின் செயல்பாட்டைப் பற்றி நிறுவனத்துக்குப் போகும் கூடுதல் கண்டறிதல் தரவு, விளம்பர அடையாள எண், நான் தட்டச்சு செய்வதைக் கவனித்துச் சேவையை ‘மேம்படுத்தும்’ வசதி, எல்லாமே மறுபடி இயங்கிக்கொண்டிருந்தன. உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று ஓர் ஆறுதல் வாசகம் வேறு.

இணைப்பைத் துண்டித்தேன். உடனே என் ஆவணக் கோப்புறை காலியாகிவிட்டது. கோப்புகள் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் ஒரு சுட்டி மட்டும் அங்கே மிஞ்சியது. என் கோப்புகளை என் கணினிக்கே மீட்டுக்கொண்டுவர, அவற்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட இடத்திலேயே உள்நுழைந்து பதிவிறக்க வேண்டியிருந்தது. பிறகு அங்கே அழித்தேன். அழித்தவை அங்குள்ள குப்பைத் தொட்டிக்குப் போயின. அதையும் காலி செய்தேன். அதற்கு அப்பால் காப்புப் பிரதி ஏதேனும் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு காலம் இருக்கும் என்று உதவிப் பக்கத்தில் கேட்டேன். அங்கிருந்த தானியங்கி உதவியாளர், கோப்புகள் தொலைந்துபோகாமல் இருக்க ஒத்திசைவை இயக்கி வைக்கும்படி அன்போடு பரிந்துரைத்தது.

அந்தக் குறிப்புகளுக்கு உரியவர்களிடம் நான் என்ன சொல்வது? சொல்லாமல் இருக்க என் தொழில் நெறி இடம் தராது. ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பரவாயில்லை என்றார். இன்னொருவர் அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் கிடங்கின் குறியாக்கம் வலுவானது, எங்கள் ஊழியர் எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாக்குக் கொடுத்தவள் நான். அதை மீறியது உங்கள் மென்பொருள். இப்போது புதிதாக வருகிறவர்கள் எங்கே எழுதி வைப்பீர்கள் என்று கேட்டால் காகித நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

பிடிக்கவில்லை என்றால் புதுப்பிக்காமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். அதற்கு விடையை 2017-ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வான்னாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீம்பொருள், அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. திருத்தத்தை நிறுவியிருந்தவர்கள் அந்த ஓட்டையால் அடிபடவில்லை. ஆகவே புதுப்பிக்காமல் இருக்க எங்களுக்கு வழியில்லை. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கட்டாயத்தின் மீது மற்றவற்றையும் ஏற்றி அனுப்புகிறீர்கள். என் கோபம் அதனால்தான். மன நோயாளிகளின் குறிப்புகளை வைத்திருக்கும் ஒருத்தி, ரான்சம்வேருக்குப் பயந்து புதுப்பிப்பதா, புதுப்பிப்புக்குப் பயந்து ரான்சம்வேரை வரவிடுவதா என்று யோசிக்கும்படி ஆகியிருக்கிறது.

பழைய கணக்கு ஒன்றும் உங்களுக்கு மறந்திருக்காது. விண்டோஸ் 7, 8.1 பயனர்களுக்கு, தாங்கள் கேட்காத டெலிமெட்ரி, அதாவது கணினியின் பயன்பாட்டுத் தகவலைத் தானாக நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி, 2015-இல் புதுப்பிப்புகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. 2016-இல், விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் அறிவிப்பைப் பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களுக்கு, அந்த மூடலே சம்மதம் ஆகிப்போனது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் தெளிவான மறுப்புப் பொத்தான் வந்தது. 2019 ஜூலையில் விண்டோஸ் 7-க்கு ‘பாதுகாப்பு மட்டும்’ என்ற வகையிலேயே வெளியான திருத்தத்துக்குள் கணினியின் பொருத்தத்தைச் சோதித்துத் தகவல் அனுப்பும் கூறு ஒன்றும் இருந்தது. ‘மட்டும்’ என்று எழுதிவிட்டு மற்றதையும் வைப்பவர்களை எங்கள் ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் நம்புவதில்லை.

ஒரு நிறுவனத்தை மட்டும் சாடுகிறேன் என்று மற்றவர்கள் மகிழ வேண்டாம். 2012 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 12.10 என்ற லினக்ஸ் இயங்குதளப் பதிப்பு, பயனர் தன் கணினிக்குள் தேடும் சொற்களை அமேசான் பொருள்களைக் காட்டுவதற்காக வெளியே அனுப்பியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2020 நவம்பரில் மேக் ஓஎஸ்ஸின் புதிய பதிப்பு வெளியான நாளில் ஆப்பிளின் சர்வர் ஒன்று திணறியதும், உலகெங்கும் மேக் கணினிகளில் செயலிகள் திறக்கத் தடுமாறின. செயலியைத் திறக்கும்போது, அதை உருவாக்கியவரின் சான்றிதழ் செல்லுமா என்ற சோதனை ஆப்பிளுக்குப் போகிறது, அதுவும் குறியாக்கம் இல்லாமல் போகிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, சும்மா கிடக்கும் கைபேசிகூட, அது ஐபோனாக இருந்தாலும் ஆண்ட்ராய்டாக இருந்தாலும், சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தன் நிறுவனத்தோடு பேசுகிறது என்றது. ஆய்வின் கணக்கீட்டு முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. இருக்கட்டும், ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவோமா?

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். கணினி எங்கே முடங்குகிறது, எந்த அச்சுப்பொறி ஓட்டுநர் மென்பொருள் சண்டை போடுகிறது என்பது தெரியாமல் கோடிக்கணக்கான கணினிகளுக்குத் திருத்தம் எழுத முடியாது. நியாயம். முடங்கல் அறிக்கை அனுப்பட்டுமா என்று கேட்டால் நானே பல நேரம் ஆம் என்றுதான் சொல்வேன். கேட்பது அவ்வளவு சிரமமா என்பதுதான் என் கேள்வி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த மென்பொருள் தொகுப்புகள் அதிகம் பயன்படுகின்றன என்று கணக்கெடுக்க ஒரு சிறிய நிரல் உண்டு. நிறுவும்போது கேட்கும், ‘இல்லை’ என்பதே அங்கே இயல்பு விடை. அதே உபுண்டு, 2016-இன் 16.04 பதிப்பில் இணையத் தேடலை இயல்பாகவே அணைத்துவிட்டது. 18.04-இல் கணினி விவரங்களைக் கேட்டபோது, அனுப்பப் போவது இன்னது என்று முதலில் காட்டியது. (ஆம் என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, முழு மதிப்பெண் தர முடியாது.)

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். விண்டோஸ் 10-இல் டெலிமெட்ரியின் மிகக் குறைந்த நிலைக்குப் பெயரே ‘பாதுகாப்பு’. பெருநிறுவன, கல்விப் பதிப்புகளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டுப் பதிப்பு வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஆக, குறைந்த தரவோடும் இயங்குதளம் ஓடும், திருத்தமும் வரும் என்பதை நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குத் தரும் மரியாதையை, மனம் உடைந்து வந்த ஒருவரின் குறிப்புக்கும் தாருங்கள் என்கிறேன்.

அழுத்தினால் நீங்கள் வளைவதும் உண்டு. விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தரவு சேகரிக்கிறது என்று பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், மாற்றங்கள் போதுமானவை என்று கோப்பை மூடியது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துச் சேமிக்கும் விண்டோஸின் ரீகால் வசதி 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் தள்ளிப்போய், விரும்பினால் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாக மாறியது. ஆணையமும் கூச்சலும் இல்லாமல் இதைச் செய்தால் என்ன?

பாதுகாப்புக்கு என்ன விலை என்று கேட்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விலைப்பட்டியலே வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் வேண்டுவோருக்கு மூன்று வழிகள்: கணினி அமைப்புகளை நிறுவனத்தின் மேகக் கிடங்கோடு ஒத்திசைப்பது, அதன் பரிசுப் புள்ளிகளில் 1,000 செலவழிப்பது, அல்லது 30 டாலர் கட்டுவது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி எழுப்பியதும் அங்கே மட்டும் ஒத்திசைவு நிபந்தனை விலகியது. மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும் என்றார்கள். தரவும் பணமும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப்பட்டதை இதைவிட வெளிப்படையாக நான் பார்த்ததில்லை. நேர்மைக்காகவாவது பாராட்ட வேண்டும்.

தொடங்கிவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். புதிய கணினியை வாங்கி வந்து முதன்முதலில் திறக்கவே இணையமும் உங்கள் கணக்கும் ஏன் வேண்டும்? காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் தொடக்கப் பட்டியலில் செயலி விளம்பரங்கள் எதற்கு? நான் நிறுவாத விளையாட்டை நீக்கினால் அடுத்த புதுப்பிப்பில் அது ஏன் திரும்பி வருகிறது? செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கென்று விசைப்பலகையில் ஒரு விசையையே வைத்திருக்கிறீர்கள். ‘வேண்டாம்’ என்பதற்கும் ஒரு விசை வைத்திருந்தால் இந்நேரம் அதன் எழுத்து தேய்ந்து போயிருக்கும்.

மன்னிக்க வேண்டும். மற்றவர்களைப் பொறுமையாகப் பேசவிட்டுக் கேட்பது என் தொழில். எனக்குப் பேச இடம் கிடைத்தால் இப்படி நீண்டுவிடுகிறது. கோரிக்கைக்கே வருகிறேன்.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தனிப் பொதியாகத் தாருங்கள். வீட்டுப் பயனருக்கும் தாருங்கள், கணக்கைத் திறக்கச் சொல்லாமல் தாருங்கள். எந்தப் புதுப்பிப்பும் பயனர் அணைத்து வைத்த ஒன்றை இயக்கக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், இன்னது மாறியிருக்கிறது என்று முதல் திரையிலேயே சாதாரண மொழியில் சொல்லுங்கள். கோப்புகள் கணினியை விட்டு வெளியே போகும் எந்த வசதியும் இயல்பாக அணைந்தே இருக்கட்டும். ‘பிறகு’ என்பதை ‘ஆம்’ என்று எண்ணாதீர்கள். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

கூடவே, என் கணினிக்குப் புதுப்பிப்பு அனுப்பிய நிறுவனத்தாரிடம் மட்டும் ஒரு கேள்வி. அழித்துவிட்டேன் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் அந்தக் கோப்புகளின் பிரதி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதியில் நீங்கும்? உங்கள் ஆதரவுப் பிரிவில் என் கேள்வி நிலுவையில் இருக்கிறது. தானியங்கி உதவியாளர் வேண்டாம். ஒரு மனிதர் தன் பெயரிட்டு எழுத்தில் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான் அழைத்துச் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவும் ஒரு மனநல ஆலோசகர்