சப்வூஃபரை எங்கே வைப்பது?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சவுண்ட்பாரும் (டிவிக்கு அருகில் வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) சேர்ந்த செட்டை வாங்கிச் சென்றவர்களில் சிலர் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை என்றும், சிலர் பேஸ் முழங்கி வசனமே புரியவில்லை என்றும் எங்களிடம் சொல்கிறார்கள். இரண்டு குறைகளுமே பெரும்பாலும் சப்வூஃபர் வைத்த இடத்தால் வருபவை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஓர் ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு சத்தத்தை எழுப்ப ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சவுண்ட்பாரின் ஒல்லியான பெட்டிக்குள் அடங்கும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு அதற்கு இடமில்லை. ஆகவே, கிராஸ்ஓவர் என்னும் ஏற்பாடு ஒலியைப் பிரித்து, அதிர்வெண் குறைந்த பகுதியைச் சப்வூஃபருக்கும் கூடிய பகுதியைச் சவுண்ட்பாருக்கும் அனுப்புகிறது.

ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 80 அதிர்வுகள்) கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்ளாது. அதனால்தான் சப்வூஃபரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லும் வழக்கம் வந்தது. ஆனால் மிகச் சிறிய சவுண்ட்பார்களில் இந்தப் பிரிப்பு 100 ஹெர்ட்ஸையும் தாண்டி நடப்பதுண்டு. ஆண்குரலின் அடிப்பகுதி அந்த எல்லையில்தான் இருக்கிறது என்பதால், சப்வூஃபர் சோபாவுக்குப் பின்னால் இருந்தால் நடிகரின் குரலில் ஒரு பங்கு முதுகுப்புறமிருந்து வருவதுபோல் தோன்றும். இத்தகைய செட்களில் சப்வூஃபரைச் சவுண்ட்பார் இருக்கும் சுவரை ஒட்டியே வைப்பது நல்லது.

அடுத்தது அறை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். பல வீட்டு அறைகள் அதைவிடச் சிறியவை. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுகூடி முழங்குகின்றன, வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மூலையில் வைத்தால் பேஸ் கூடும். கூடவே முழக்கமும் கூடலாம். உங்கள் அறைக்கு ஏற்ற இடத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு: சப்வூஃபரை நீங்கள் வழக்கமாக உட்காரும் இருக்கையில் வைத்து, பேஸ் கிட்டார் சீராக ஒலிக்கும் பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள்.

சப்வூஃபரில் ஃபேஸ் பொத்தான் (அதன் ஒலி அலையைச் சவுண்ட்பாரின் அலையோடு ஒத்திசையச் செய்ய உதவுவது) இருந்தால், 0, 180 டிகிரி இரண்டையும் மாற்றிப் பார்த்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் நிலையில் விட்டுவிடுங்கள். பேஸ் அளவைக் கடைசியாக, வசனம் மிகுந்த காட்சியை ஓடவிட்டுக் கூட்டுங்கள். குரல் கனக்கத் தொடங்கினால் ஒரு படி குறைத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடையினர்