சேமக்காலைக் கதவைத் திறந்து விட்டவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

பழைய கல்லறைக் கற்களைப் படம் எடுத்து, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அனுப்பி வைப்பது என் பொழுதுபோக்கு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து, “எங்கள் பூட்டனைக் கண்டுபிடித்துத் தந்தீர்களே” என்று எனக்கு எழுதுகிறார்கள். கமராவைத் தட்டியது மட்டும்தான் என் வேலை. மிச்ச வேலையைச் செய்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் மானிப்பாயிலும் இருக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஆளை மட்டும் சொல்கிறேன்.

முதலில், சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, பார்த்துக்கொள்ளும் ஐயா. சாவியைத் தந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். “பாம்பு கிடக்கும், நீர் பின்னால வாரும்” என்று கத்தியோடு முன்னே போய், நாயுருவியை வெட்டி வழி எடுத்துத் தந்தார். வெயில் சாயும் வரை பொறுக்கச் சொன்னவரும் அவர்தான். உச்சி வெயிலில் மொட்டைப் பலகையாகக் கிடந்த கல்லில், நாலரை மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

மாமர நிழலில் இருந்த கற்களுக்கு அந்த வெயில் எட்டாது. எதிர்வீட்டு அக்கா சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியையே கழற்றித் தந்தார். அவருடைய மகன் அதைத் தூக்கிப் பிடித்து, வெயிலைக் கல்லின் ஓரமாகத் திருப்பிவிட்டான். கை உளைகிறது என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் அசையவில்லை. தம்பி, உனக்குத் தனி நன்றி. கிணற்றில் அள்ளித் தந்த தண்ணீருக்கும் சேர்த்துத்தான். பாசி படிந்த கல்லுக்குத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். நம்மூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அசிட் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். கம்பி பிரஷ் எழுத்தையே தின்றுவிடும். சோக் பூசுவதும் எனக்குப் பிடிக்காது: பூசுகிறவர் நினைத்த எழுத்துத்தான் பிறகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. ஒரு கல்லில் ‘கஅருசு’ என்று இருந்ததை ஏதோ ஊர்ப் பெயர் என்று அந்தக் குடும்பத்தார் எண்ணியிருந்தார்கள். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “தமிழ் இலக்கமடா, 1856” என்றார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வித்தியாசம் காட்டாமல் வெட்டிய வரிகளையும் அவர்தான் பிரித்துத் தந்தார். ஆங்கிலேய அதிகாரி பென்ரி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பின் பிரதியையும் இரவல் தந்தார். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் 1990 சண்டையில் இடிந்துபோன பிறகு, அந்தத் தொகுப்பின் அருமை இன்னும் கூடிவிட்டது. என்ன, லூயிஸ் தேடியது பெரும்பாலும் வெள்ளைக்காரரின் கற்களை. எங்கள் ஆட்களை நாங்கள்தான் தேட வேண்டும்.

அந்த 1856 கல்லின் கதை இன்னும் இருக்கிறது. அதில் இருந்தது அமெரிக்கப் பெயர், குடும்பம் தேடியதோ தமிழ்ப் பெயரை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரிப் பள்ளியில், பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. போதகர் ஐயா பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, தாள் நொறுங்காமல் ஒவ்வொரு பக்கமாகத் தானே புரட்டி, தகப்பன் பெயரையும் ஊரையும் காட்டினார். அந்த ஊரில் ஒரு சைவ அம்மா, பெட்டகத்தில் வைத்திருந்த அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்தை, அதாவது செத்தவரின் நினைவாக அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் புத்தகத்தை, தேடி எடுத்தார். அதில் இருந்த வம்ச வரிசையில், தமையன் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘வேதத்துக்குப் போனவர்’, அதாவது கிறிஸ்தவர் ஆனவர், என்று ஒற்றை வரி. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. கல்லில் இல்லாத தாய் பெயரும் அந்தப் புத்தகத்திலேயே கிடைத்தது. அம்மா, தேத்தண்ணீரோடு பனங்காய்ப் பணியாரமும் தந்து அனுப்பினீர்கள். அதையும் மறக்கவில்லை.

காத்து நின்றதற்குக் காசு வாங்க மறுத்த ஓட்டோத் தம்பிக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நவம்பர் 2ஆம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பு பலர் கல்லறைகளைப் புதுப்பிப்பீர்கள். டைல்ஸ் பதிப்பது உங்கள் விருப்பம், ஆனால் பழைய கல்லை உடைத்து அத்திவாரத்துக்குப் போடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கல்லைத் தூக்குவதற்கு முன் உங்கள் போனிலாவது காலையோ மாலையோ ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள், சில கற்களில் வெட்டியவரின் பெயர் இருக்கும்.

எடுத்த படங்களை அச்சிட்டு, வாசித்த பெயர்களோடு அந்தந்தத் தேவாலய அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பிழையாக வாசித்த பெயர் கண்ணில் பட்டால் பென்சிலால் திருத்தி விடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கமராக்காரன்