செயலாளரின் ஆண்டறிக்கை: கொல்லைப்புறத்துப் பறவைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி மழையில் சாலையில் மண் சரிந்த மாதம் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

பறவை பார்ப்பதென்றால் விடியற்காலையில் லாங்வுட் சோலைக்குப் போவது என்றுதான் இத்தனை நாளும் இருந்தோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் இடம்பெற்ற அந்தச் சோலை கோத்தகிரிக்குப் பெருமை. அங்கே போவதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் மூட்டுவலிக்காரர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும், தேயிலைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்ப்பவர்களும் ஒதுங்கியே இருந்தார்கள். அதனால் அவரவர் வீட்டுக் கொல்லையில் தினமும் 15 நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது என்று இவ்வாண்டு தொடங்கினோம். தமிழகத்தின் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், 1998இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகெங்கும் பிப்ரவரியில் நடக்கும் கொல்லைப்புறக் கணக்கெடுப்பும் குறைந்தது இந்த 15 நிமிடத்தைத்தான் கேட்கின்றன.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படியிறங்க முடியாதிருந்த நம் மூத்த உறுப்பினர் அம்மா, சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். அவருடைய நோட்டை வாங்கிப் படித்தேன். முதல் வாரம் முழுக்கக் கொண்டைக்குருவி, காகம், மறுபடி கொண்டைக்குருவி. செப்டம்பரில் ஒரு பக்கம்: "துவைக்கிற கல்மேல் சாம்பல் வாலாட்டி. வயிறு மஞ்சள். வால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை." இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவை அது. அடுத்த நாளும் அதே கல்லுக்கு வந்திருக்கிறது. அது வரும் நேரத்துக்காகவே டீயைத் தள்ளிப் போட்டதாகவும், வலி நினைவுக்கே வரவில்லை என்றும் சொன்னார். பறவையைப் பார்த்தாலோ கேட்டாலோ மனம் தெளிவது சில மணி நேரம் நீடிக்கிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த நோட்டே போதுமானதாக இருந்தது.

வேலியோரத் தவிட்டுப்பழப் புதரை வெட்டாமல் விட்ட வீடுகளில் நீலகிரிச் சிரிப்பான் வந்தது. நம் மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அதன் குரல் கேட்டுத்தான் அடுத்த வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். புதரை நம்பித்தான் அது வருகிறது என்பதால், கூடு கட்டும் காலத்தில் ஒரு வேலி அடியோடு வெட்டப்பட்டது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம்.

ஒரு துயரமும் நேர்ந்தது. என் வீட்டுக் கண்ணாடியில் ஒரு நீலகிரி ஈப்பிடிப்பான் மோதி விழுந்தது. அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்தேன், பிழைக்கவில்லை. கண்ணாடியில் தெரியும் மரத்தை அது மரமென்றே நம்பிவிடுகிறது. இப்போது வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டுங்கள்.

தண்ணீர்ச் சட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மிச்சச் சோறும் மிக்சரும் வைக்க வேண்டாம். புதர் இருந்தால் பூச்சியும் பழமும் அதுவே தரும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள்: பங்குனி முதல் ஆனி வரை வேலி வெட்டுவதில்லை, புதிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. இவற்றோடு அறிக்கையையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்