லைட் க்யூர் ஜி.ஐ.சி.: பாட்டில் மட்டும் வாங்கினால் ஃபில்லிங் நிற்காது

வடசென்னையின் பல் கிளினிக்குகளுக்கும் பள்ளிப் பல் முகாம்களுக்கும் பொருள் வாங்கித் தரும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கொள்முதல் பட்டியலில் "ஜி.ஐ.சி., லைட் க்யூர்" என்று ஒற்றை வரி எழுதினால் ஒரு பவுடர் பாட்டிலும் ஒரு லிக்விட் பாட்டிலும் வந்து சேரும். ஜி.ஐ.சி. என்பது பல் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட், லைட் க்யூர் என்றால் ஒளி பட்டு இறுகும் வகை. அந்த ஒரு வரியை நான்கைந்து வரிகளாகப் பிரித்து எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சாதா கிளாஸ் அயனோமர் அமிலமும் கண்ணாடித் தூளும் வினைபுரிந்து இறுகுவது. லைட் க்யூர் என்பது ரெசின் சேர்த்த வகை. அதன் லிக்விடில் பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு ஹேமா என்ற ரெசினும், ஒளிபட்டால் வினையைத் தொடங்கிவைக்கும் பொருளும் இருக்கின்றன. நீல ஒளி 20 வினாடி பட்டதும் மேற்பரப்பு கெட்டியாகிவிடும். அமில வினை அதற்குப் பிறகும் உள்ளே மெதுவாக நடந்துகொண்டிருக்கும். ஈறருகே தேய்ந்த பள்ளத்துக்கும் குழந்தைகளின் பால் பற்களுக்கும் இது அருமையான பொருள். பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் கடி நேராக விழும் இடத்தில் இதை மட்டும் வைத்து மூடாதீர்கள். தேய்ந்துபோகும்.

முதலில் வெப்பம். இந்தப் பாட்டில்களை 4 முதல் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மே மாதம் கொடுங்கையூரிலோ தண்டையார்பேட்டையிலோ மூடிக்கிடக்கும் ஸ்டோர் அறையில் 25 டிகிரி ஏது? ஆகவே பட்டியலின் முதல் வரி ஒரு சிறிய ஃபிரிட்ஜும் அதற்குள் ஒரு தெர்மாமீட்டரும். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த பாட்டிலில் வியர்த்து நிற்கும். அந்த நீர் பவுடரில் இறங்கினால் கட்டி தட்டும். வெளிப்புறம் உலரும்வரை மூடியே இருக்கட்டும். வேலை நேரம் நீள வேண்டுமென்று கண்ணாடிப் பலகையைக் குளிரவைத்துக் கலப்பவர்களுக்கும் இதுதான் நேரும்: பலகை வியர்க்கும், கலவை நீர்த்துவிடும். இங்கே பேப்பர் பேடும் பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவும் நல்லது.

அடுத்தது அளவு. பரவலாகப் பயன்படும் ஃபூஜி 2 எல்.சி. என்ற பிராண்டில் 1 கிராம் லிக்விடுக்கு 3.2 கிராம் பவுடர், அதாவது தட்டையாக வழித்த ஒரு ஸ்கூப்புக்கு 2 சொட்டு. பவுடர் பாட்டிலை லேசாகத் தட்டித் தளர்த்திவிட்டு அளக்க வேண்டும். லிக்விட் பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்து, காற்றுக்குமிழி உள்ள சொட்டைத் தள்ளிவிட வேண்டும். பவுடரை இரண்டு பங்காக்கி 25 வினாடிக்குள் கலந்து முடிக்க வேண்டும். "தண்ணியா இருந்தா நல்லா பாயும்" என்று ஒரு சொட்டு கூடுதலாக விடுவதுதான் வலிமையைக் கெடுக்கும் முதல் தவறு. கலவையின் பளபளப்பு மங்கிவிட்டால் பல்லோடு பிணைய வேண்டிய அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பல்லில் வைக்காமல் தூக்கிப் போடுங்கள். வைத்தால் சில வாரத்தில் கழன்று வரும், பழி சிமெண்ட்டின் மேல் விழும்.

சிமெண்ட் வைக்கும் முன் பல்லைத் தயார்செய்யும் கண்டிஷனரைத் தனி வரியாக எழுதுங்கள். 10 சதவீதப் பாலிஅக்ரிலிக் அமிலம் என்றால் 20 வினாடி, 20 சதவீதம் என்றால் 10 வினாடி தடவிக் கழுவ வேண்டும். கையிருப்பில் கண்டிஷனர் இல்லையென்று காம்போசிட் என்ற ரெசின் ஃபில்லிங்குக்கான 37 சதவீத பாஸ்பாரிக் ஜெல்லை எடுப்பவர்கள் உண்டு. அந்த ஜெல், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் கால்சியத்தைக் கரைத்துவிடும். இந்த சிமெண்ட் பிடித்துக்கொள்வதே அந்தக் கால்சியத்தைத்தான். கழுவிய பின் காற்றடித்து வறட்டவும் கூடாது, ஈர மினுமினுப்பு தெரிய வேண்டும்.

லைட்டின் ஒளி வலிமையைச் சோதிக்க ஒரு ரேடியோமீட்டரும் சேருங்கள். எரிகிற லைட்டெல்லாம் வேலை செய்கிற லைட் இல்லை. முனையில் ஒட்டிக் காய்ந்த பழைய சிமெண்ட் ஒன்றே பாதி ஒளியை மறைத்துவிடக்கூடும். ஒரு அடுக்கு 1.8 மி.மீ.க்கு மேல் போனால் அடியில் ஹேமா இறுகாமல் தங்கி, பல்லின் கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உட்பகுதி) வரை கசியும். கூழை நெருங்கிய ஆழமான குழியென்றால் அடியில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பிறகே இதை வையுங்கள்.

பள்ளி முகாமில் மின்சாரமும் லைட்டும் உறுதியில்லை என்றால் இந்த வகையே வேண்டாம். ஒளியில்லாமல் தானே இறுகும், கெட்டியாகக் கலக்கும் ஹை விஸ்காசிட்டி ஜி.ஐ.சி.யை அங்கே அனுப்புங்கள். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, வாசலின் தடவிய கையுறை விரலால் அழுத்தி வைக்கும் முறைக்கென்றே உருவானது அது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் கிளாஸ் அயனோமரை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. 15 வயதுக்குட்பட்டோருக்குப் பாதரசம் கலந்த அமால்கம் ஃபில்லிங் தவிர்க்கப்பட வேண்டும் என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022-ல் முடிவெடுத்தன. ஆகவே இனி குழந்தைகளின் பற்களில் இந்த சிமெண்ட்தான் கூடுதலாகப் போகும்.

கடைசியாக, சிமெண்ட் கலக்கும் உதவியாளர்களின் கைகள். ஹேமா மெல்லிய லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிச் செல்லும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாளுக்கும் நிற்கும். லிக்விட் பட்டவுடன் கையுறையைக் கழற்றிக் கை கழுவி, புதிது போட வேண்டும். அதற்குத் தயங்காத அளவுக்கு நைட்ரைல் கையுறைகளை, அந்த நான்கைந்து வரிகளில் ஒன்றாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் பல் அடைக்கும் பணியில் உள்ளவர்கள்