பச்சைக் கோடு இறங்கும்வரை கூட நின்றவர்களுக்கு

அன்பானவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சனசமூக நிலையத்துக் கணினிகளில் இப்போது டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. 2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை அது நிலையான பதிப்பாக வெளிவந்தது. கொஞ்ச நாளிலேயே இங்கே ஏற்றிவிட்டோம். அவ்வளவு கெதியாக, ஒரு பயமும் இல்லாமல் ஏற்ற முடிந்தது அதற்கு முந்தைய மாதங்களில் நீங்கள் மினக்கெட்டதால்தான்.

விசுவமடுப் பக்கம் ஒரு கணினி படுத்துவிட்டால் திருத்த ஆள் தேடிக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். சாதாரண தரப் பிள்ளைகள் ஐசிடி பழகுவதும் இதே கணினிகளில்தான். அதனால் நிலையான பதிப்பு வந்த பிறகே மாற்றுவது என்று முடிவெடுத்தோம். ஆனால் வந்த பிறகுதான் எங்கள் கணினிகளுக்கு அது ஒத்துவருமா என்று பார்ப்பதும் சரிவராது. ஒரு பழைய லப்டொப்பை ஒதுக்கி, சோதனைப் பதிப்பை அதில் போட்டு, வெளியீடு எவ்வளவு கிட்ட வருகிறது என்று பின்தொடர்ந்தோம்.

முதல் நன்றி எங்கள் கணித ரீச்சருக்கு. வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள், அதாவது மென்பொருள் பிழைகள், எத்தனை மிச்சம் என்று டெபியன்காரர் ஒரு வரைபு வைத்திருக்கிறார்கள். அதில் சிவப்புக் கோடு அந்த வகை வழுக்கள் எல்லாவற்றையும் காட்டும். பச்சைக் கோடு அடுத்த பதிப்பைப் பாதிப்பவற்றை மட்டும் காட்டும். ஒவ்வொரு கிழமையும் பச்சைக் கோட்டைப் பிள்ளைகளைக் கொண்டு வரைபுத்தாளில் போடுவித்து, சுவரில் ஒட்டினார் ரீச்சர். ஏப்ரல் 15, மே 17, ஜூலை 27 ஆகிய நாள்களில் நிலைக்குத்துக் கோடுகள். புதிய மாற்றங்கள் உள்ளே வராமல் டெபியனில் கதவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கமாகச் சாத்திய நாள்கள் அவை. கடைசிக் கட்டத்தில் ஒரு பொதியில் (டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வரும்) சின்னத் திருத்தம் செய்தாலும் வெளியீட்டுக் குழு பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே வரும்.

பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி கேட்ட கேள்வியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். "கோடு இறங்கினது திருத்தினதாலயா, தூக்கி எறிஞ்சதாலயா?" மிகச் சரியான கேள்வி. பெரிய வழு உள்ள பொதியைத் திருத்தாமல் விட்டால், அது முக்கியப் பொதிகளில் ஒன்றாக இல்லாவிட்டால், சோதனைப் பதிப்பிலிருந்து தானாகவே நீக்கப்படும். அப்போதும் எண்ணிக்கை குறையும். கோட்டை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட ஏலாது. அன்றிலிருந்து நாங்கள் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸ், பைதன், தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் ஐபஸ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். தங்கச்சி, நன்றி.

ஆங்கில ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நிறுவிப் பார்த்தவர்கள் அனுப்பும் அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. சரியாக நடந்த படிக்கு நேரே ஆங்கில 'ஓ' (O), பிழைத்ததற்கு 'ஈ' (E), செய்து பார்க்காததை வெறுமையாக விட வேண்டும். எங்கள் லப்டொப்பில் வலையமைப்பு அட்டையைக் கண்டுபிடிக்கும் படியில் 'ஈ' விழுந்தது. பொடியன்கள் "வைஃபை வேலை செய்யேல்லை" என்று ஒரே வரியில் எழுதிக் கொண்டுபோனார்கள். ஐயா அதைத் திருத்தவில்லை. "எந்த மொடல்? எந்தப் படியில நிண்டது? திரையில என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டுக் கேட்டு அவர்களைக் கொண்டே எழுதுவித்தார். மின்னஞ்சல் போனதும் வழு எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு முன்பின் தெரியாத ஒரு மனிதர், நிறுவல் பதிவுகள் எந்த அடைவில் இருக்கும், எதை இணைத்து அனுப்ப வேண்டும் என்று பொறுமையாக எழுதினார். பின்னால் வந்த ஒரு சோதனைப் பிரதியை நிறுவி, படிவத்தில் அந்த வரிக்கு நேரே 'ஓ' போட்டபோது பொடியன்கள் போட்ட சத்தம் றோட்டுவரைக்கும் கேட்டது. அந்த மனிதருக்கும், பொதிகளைப் பராமரிக்கும், தெரியாத எத்தனையோ பேருக்கும் வன்னியிலிருந்து எங்கள் நன்றி.

கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் அண்ணை இரவில் பிரதிகளைத் தரவிறக்கித் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. பென்ட்ரைவைப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கொண்டுவந்து சேர்த்த பஸ் நடத்துநருக்கும் நன்றி. நல்லூர்த் திருவிழாச் சன நெரிசலுக்குள்ளும் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

நிலைய நிர்வாகத்தினரே, "எப்ப வரும்?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "தயாரானதும் வரும்" என்றுதான் எங்களால் சொல்ல முடிந்தது. டெபியன் வழக்கமே அதுதான். ஜூலை மாதம்வரை எங்களிடம் ஒரு திகதி இருக்கவில்லை. அப்படியிருந்தும் நீங்கள் நெருக்கவில்லை.

டெபியனைக் கணினியில் ஏற்றும் நிறுவியைத் தமிழாக்கியவர்களுக்கும், ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்து, ஒரு அம்மா தானாகவே நிறுவலை முடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

32 பிட் பழைய கணினிகள் இரண்டுக்கும் டெபியன் 13 இல் நிறுவி இல்லை. அவை 12 இலேயே இருக்கும். அந்தப் பதிப்பின் நீண்டகால ஆதரவு 2028 ஜூன்வரை உண்டு. 13 இன் பிரதி வேண்டுமென்றால், பின்னேரம் நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் எட்டு ஜிபி பென்ட்ரைவ் ஒன்றோடு வாருங்கள். பிள்ளைகளே சரிபார்த்துப் போட்டுத் தருவார்கள்.

அன்புடன்,
சனசமூக நிலையக் கணினி வகுப்பின் சார்பில்