விசிறி போதாது

பாளையங்கோட்டை
சித்திரை 12

மாப்பிளை,

உன் மோட்டாரைப் பிரித்துவிட்டேன். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் காயில் கரிக்கட்டையாகிக் கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கியதைப் பார்க்காமல் ஓடவிட்டிருக்கிறாய். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றி நிற்கும் தண்ணீர்தானே விசிறி? கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும்வரை பொறுத்திருக்கலாம். சரி, போகட்டும்.

இங்கேயும் ஒரு காயில் கதைதான். அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கடையில் கிடந்த செம்புக் கம்பியைக் குழாயில் சுற்றி, மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடுகிற கண்டன்சர் நாலைந்தைச் சேர்த்து, மின்காந்தத்தால் ஆணியை எறிகிற ஒன்றைச் செய்தான். முதல் தடவை ஆணி அட்டைப்பெட்டியில் குத்தி நின்றது. பத்தாவது தடவை பெட்டியைத் தொட்டுவிட்டு விழுந்தது. கடை முழுக்க வார்னிஷ் வாடை!

"கண்டன்சர் போயிட்டு மாமா" என்றான். காயிலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உடனே இழுத்துக்கொண்டேன். செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் ஏறும். வோல்ட் அதேதான், கரண்ட் குறைகிறது, இழுப்பும் போச்சு.

பயல் உடனே டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். ஆனால் ஓர் ஏவல், அதாவது ஆணியை ஒரு தடவை எறிவது, முடிவது நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள். அதற்குள் காற்றோ தண்ணீரோ சூட்டை வாங்கிக்கொண்டு போக முடியுமா? பிறக்கிற சூடு முழுவதையும் செம்பே விழுங்க வேண்டும். ஃபேன் உதவுவது அடுத்த ஏவலுக்கு முந்திய இடைவெளியில்தான்.

பெரிய ஆட்களுக்கும் இதே பாடுதான். அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் ரெயில்கன்னில், அதாவது இரண்டு தண்டவாளங்களில் மின்சாரம் பாய்ச்சிக் குண்டை எறிகிற பீரங்கியில், 33 மெகாஜூல் சக்தியோடு குண்டை எறிந்தது. அந்தச் சக்தி நம் ஊர்த் தண்ணீர் நூறு லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்கப் போதும். மின்சாரம் பத்து லட்சம் ஆம்பியர் கணக்கில் பாய்கிறது. தண்டவாளத்துக்குள் ஊற நேரமில்லாமல் மேல்தோலிலேயே ஓடுகிறது. சூடும் அங்கேயே குவிகிறது. உள்ளே தண்ணீர்க் குழாய் விட்டாலும், சூடு அதுவரை நடந்துவர வேண்டுமே! அதற்குள் மேல்தோல் அரித்துப்போகிறது. 2021இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பணம், வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தண்டவாளத் தேய்மானம் கடைசிவரை விடாத தலைவலி.

கரண்டை இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. தடித்த கம்பியில் தடை குறைவு, சூட்டை விழுங்கச் செம்பும் கூடுதல் என்பதால், பயலைத் தடித்த கம்பியாக மாற்றிச் சுற்றச் சொன்னேன். சுற்றிவிட்டான். இப்போது ஒவ்வொரு ஏவலுக்குப் பிறகும் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறான். கணக்கு என் பேரில்.

மோட்டார் வெள்ளிக்கிழமை தயார். வருமுன் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்துவிட்டு வா.

உன் மாப்பிளை