38 டார்பிடோக்களை எண்ணியவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாதிக்கு மேல் எனக்குப் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. இந்தத் தொடர்களில் தவறு தேடுபவர்கள் கதையை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் ஏதோ வேகத்தில் எழுதியிருக்கலாம். உங்கள் கண்ணில் பட்டுத்தானே அச்சுக்குப் போயிருக்கும், விஷயம் தெரிந்த நீங்கள் அதை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான் 22 வருடம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். எத்தனை வந்தது, எத்தனை போனது, கையிருப்பு எவ்வளவு, இதுதான் என் வேலை. ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த வொயேஜர், வீட்டிலிருந்து வெகுதூரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு விண்கப்பல் திரும்பி வரும் கதை. அதன் முதல் சீசனிலேயே கேப்டன் ஜேன்வே இருக்கும் காட்சியில் ஒரு பேச்சு வரும், உங்களுக்கு நினைவிருக்கும். கப்பலில் சண்டைக்குச் சுட 38 டார்பிடோ குண்டுகள் இருக்கின்றன, தீர்ந்துபோனால் புதிதாகப் பெற வழியில்லை. அந்த வசனத்தைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் தம்பியும் ஒரு பழைய நோட்டை எடுத்து, ஒவ்வொன்று சுடப்படும்போதும் ஒரு கோடு போட ஆரம்பித்தோம். ஒரு எபிசோடில் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் போய்விட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும், இதற்குள் இப்படிச் செலவழிக்கிறார்களே என்று. சார், இதற்குப் பெயர் ரசிப்பு இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்? அந்தக் கப்பலில் நாங்களும் இருந்தோம்.

2001இல் தொடர் முடிவதற்கு முன்பே எங்கள் கோடுகள் 38ஐத் தாண்டிவிட்டன. தயாரிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரே ஒரு வசனம் வைத்திருந்தால் போதும், நாங்கள் சந்தோஷமாக நோட்டை மூடியிருப்போம். காத்துக் காத்துப் பார்த்தோம், எங்களுக்கு அப்படி ஒரு வசனம் அகப்படவில்லை. கப்பலிலிருந்து போய்வரும் சிறிய ஷட்டில் கலங்களும் அப்படித்தான், நொறுங்க நொறுங்க வந்துகொண்டே இருந்தன. தம்பி ஒரு நாள் நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டான், அதற்கப்புறம் சண்டைக் காட்சி வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பயமே வரவில்லை. தவறு தேடப் போய் எங்கள் ரசனை கெடவில்லை. சொன்ன கணக்கை அவர்கள் கைவிட்டபோதுதான் கெட்டது.

கணக்கு வைத்தால் கதை வறண்டுபோகும் என்று யாராவது சொன்னால், 2004இல் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரிகள் மனித இனத்தையே அழித்த பிறகு மிஞ்சியவர்கள் விண்கப்பல்களில் தப்பி ஓடும் கதை அது. உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஜனாதிபதியின் கப்பலில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். ஆட்கள் சாகச் சாக அந்த எண் குறையும். முதல் எபிசோடின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ஜனாதிபதி எழுந்து போய் ஒன்றைக் கூட்டி எழுதுவார். என் வேலையில் ஆயிரக்கணக்கான தடவை கையிருப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன், ஓர் எண்ணைத் திருத்துவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு தடவைதான். அதே தொடர், எதிரிகளிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று முதல் சீசன்களில் வாராவாரம் ஆரம்பத்தில் எழுத்துப் போட்டுவிட்டு, அந்தத் திட்டத்தை விளக்கத் தொடர் முடிந்தபின் 2009இல் தனியாக ஒரு படம் எடுத்தது, அது வேறு கதை.

எல்லாத் தவறும் ஒன்றல்ல என்பது எங்களுக்கும் தெரியும். 1966இல் வந்த ஸ்டார் ட்ரெக் எபிசோடு ஒன்றில் கேப்டன் கிர்க்குக்கு வெட்டிய கல்லறைக் கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று இருக்கும், பிறகு அவர் கடைசிவரை ஜேம்ஸ் டி. கிர்க். அது தொடர் உருவாகிக்கொண்டிருந்தபோது எடுத்தது, யாரும் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்திருக்கவே மாட்டார்கள். கான் என்கிற வில்லன் 1967 பிப்ரவரியில் வந்த எபிசோடில் தோன்றுகிறான், கப்பல் அதிகாரியான செகோவ் பாத்திரம் தொடருக்குள் வந்ததோ அடுத்த சீசனில். 1982இல் வந்த படத்தில் கான் செகோவைப் பார்த்து, முகத்தை மறக்க மாட்டேன் என்கிறான். சரி, செகோவ் அப்போதே கப்பலில் வேறு பிரிவில் வேலை பார்த்திருப்பார் என்று நாங்களே நிரப்பிக்கொண்டோம். இப்படி ஆயிரம் நிரப்பத் தயாராக இருக்கிறோம்.

கதை தானே வைத்த விதியைத் தானே மறப்பதுதான் தாங்க முடியவில்லை. ஸ்டார் ட்ரெக் வரிசையின் இன்னொரு தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனில், 1989இல் ஒரு எபிசோடு. வேகமாக முதுமையடைந்து சாகக் கிடக்கும் கப்பல் மருத்துவர் புலாஸ்கியை, அவருடைய முடியிலிருந்து கிடைத்த டிஎன்ஏவை வைத்து, ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் ட்ரான்ஸ்போர்ட்டர் இயந்திரம் வழியாகப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். அப்படியானால் அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் ஏன் ஒருவரும் அந்த இயந்திரத்தை நினைத்துப் பார்ப்பதில்லை? இதைவிட என்னை வாட்டியது 1993இல் வந்த இன்னொன்று. ஒளியை மிஞ்சிய வேகத்தில் கப்பல்கள் போவதால் விண்வெளியே கிழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பெண் விஞ்ஞானி சொல்வாள், யாரும் நம்ப மாட்டார்கள், தன் கப்பலை வெடிக்கவைத்து உயிரைக் கொடுத்து நிரூபிப்பாள். வார்ப் 5 என்ற வேக அளவுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவும் வரும். பின்னால் ஒன்றிரண்டு எபிசோடுகளில் வரம்பு மீற அனுமதி கிடைத்ததாகச் சொன்னார்கள், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அவள் எதற்காகச் செத்தாள்? இதைக் கேட்பவனுக்கு ரசிக்கத் தெரியவில்லை என்று உங்கள் பத்திரிகையில் வருகிறது.

இதைச் சொல்லும்போது பழையது ஒன்றும் ஞாபகம் வருகிறது. 1960களில் ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் நெற்றி மழமழவென்று இருக்கும், 1979 படத்திலிருந்து மேடுபள்ளம். 1996இல் கிளிங்கான் பாத்திரமான வோர்ஃப், இதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தார். 2005இல் என்டர்பிரைஸ் தொடரில் இரண்டு எபிசோடுகள் எடுத்து, மரபணு மாற்றத்தால் வந்த ஒரு நோய்க்கிருமியைக் காரணம் காட்டி, அதை நல்ல கதையாகவே ஆக்கினார்கள். பார்த்தவர்கள் விடாமல் கேட்டதால்தானே அந்தக் கேள்வி இத்தனை வருடம் உயிரோடு இருந்தது! இதைப் பாராட்டி நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் முதல் பாதியை மட்டும் போட்டீர்கள். நெற்றியைப் பற்றிய புகார் அச்சாயிற்று, பாராட்டு போய்விட்டது. தெரிந்தவர்கள் என்னிடம் வந்து, ஏன் எப்போதும் குறையே சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இடப் பற்றாக்குறை என்று அப்போது நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், உங்களுக்கு எழுதவில்லை. வாசகர் கேள்வி பதில் பகுதியை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினீர்கள், அதற்கும் எழுதவில்லை. ஒரு தொடரின் கடைசி எபிசோடில் யார் சாகிறார் என்பதைப் படத்துக்குக் கீழேயே போட்டீர்கள், அன்று மட்டும் எழுத உட்கார்ந்து பாதியில் கிழித்துப் போட்டேன்.

இந்தத் தடவை கிழிக்க மனசு வரவில்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க மாட்டேன், அது எழுதியவரின் கருத்து. ஆனால் அதே கட்டுரையின் இரண்டாம் பத்தியில், வொயேஜர் கப்பல் வீட்டிலிருந்து 75 ஒளியாண்டு தூரத்தில் மாட்டிக்கொண்டது என்று அச்சாகியிருக்கிறது. தூரம் 70,000 ஒளியாண்டு. 75 என்பது திரும்பி வர ஆகும் வருடக் கணக்கு. அடுத்த இதழில் எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்